குட்டிக் குதிரையின் வாய்க்குள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் அய்யனார் கோயில் புரவிகளை நின்று பாருங்கள். கடிவாளம், வார், மணிமாலை எல்லாம் சுட்ட மண்ணில் வடித்திருப்பார் வேளார். பல புரவிகளுக்கு வாய் திறந்து பல் தெரியும். நமக்கு அது வீரத்தின் தோற்றம். உயிருள்ள குதிரை கடிவாளத்தோடு அப்படி வாயைப் பிளந்தால், வாய்க்குள் எங்கோ வலிக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு கூர்மையானது. அதை மூடியிருப்பது மெல்லிய தோல், சதைப்பற்றே கிடையாது. வாயை மூடினால் உள்ளிடத்தை ஏறக்குறைய நாக்கே நிரப்பிவிடும். ஆகவே எந்த இரும்பானாலும் நாக்கை அழுத்தித்தான் இடம்பிடிக்கிறது. வலி பொறுக்காத குதிரை நாக்கை இரும்புக்கு மேலே தூக்கிப் போடும். தலையை உயர்த்தும்; இழுப்பு எலும்பிலிருந்து உதட்டோரத்துக்கு மாறும். சில குதிரைகள் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் 'முரட்டுக் குதிரை' என்று முடித்துவிடுகிறோம். எனக்கோ இவை குதிரை தானே கண்டுபிடித்த தப்பிக்கும் வழிகளாகத் தெரிகின்றன.

வளரும் குட்டிக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். அதன் 24 பால்பற்களும் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது இரண்டரை வயதுக்கும் நாலரை வயதுக்கும் இடையில். கடிவாளம் பழக்குவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான். பால்பல் ஆடும் பிள்ளைக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டு ஏன் முகம் சுளிக்கிறாய் என்று அதட்டுவதுபோல. போதாததற்கு, கடைவாய் வரிசைக்கு முன்னால் சின்னஞ்சிறு பல் ஒன்று பல குதிரைகளுக்கு முளைக்கும். மெல்ல உதவாத அந்தப் பல்லில் இரும்பு இடித்தால் குதிரை தலையை உதறும். கால்நடை மருத்துவர் அதைப் பிடுங்கினாலோ, கூர்ந்த பல்விளிம்புகளை அரத்தால் தேய்த்துவிட்டாலோ குதிரையின் 'குணம்' மாறிவிடுவதுண்டு.

அடங்காத குதிரைக்கு முள் கடிவாளம் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1965-ஆம் ஆண்டிலேயே இழுவை, சுமை விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்துவிட்டன. பயனும் இல்லை: ஓடித் தப்பிப்பதற்கென்றே அமைந்த விலங்கு வலித்தால் இன்னும் ஓடத்தான் பார்க்கும்.

குதிரை பாடம் படிப்பது இழுப்பு தளரும் நொடியில். வாரை இலேசாக இழுக்கிறோம், குட்டி ஓரடி தயங்குகிறது, அப்போதே கை தளர வேண்டும். தாமதித்து, அது தலையை உதறியபின் தளர்த்தினால், உதறியதற்கே விடுதலை கிடைத்ததாக அதன் மனதில் பதியும். தலை உதறும் பழக்கத்தை நம் கையே வளர்ப்பது இப்படித்தான். விடாமல் இழுத்தே பிடித்திருந்தால் அந்த இழுப்புக்கு எந்தப் பொருளும் இல்லையென்று குட்டி முடிவு செய்துவிடும்; நாம் 'வாய் மரத்துப்போச்சு' என்கிறோம்.

குதிரையை அறியாத கை என்ற குறை இங்கே பழையது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் காயல் துறைமுகம் வழியே அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, பராமரிக்கத் தெரிந்தவர் இங்கில்லை என்று எழுதினார் மார்க்கோ போலோ. குதிரை வந்தது, குதிரையை அறிந்த கை வரவில்லை.

இன்று குட்டி பழக்குகிறவர் வாயைத் தொடாமலே தொடங்கலாம். தலைக்கயிறு மட்டும் போட்டு நிற்க, நடக்க, திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம். அப்புறம் நீண்ட வார் பிடித்துப் பின்னால் நடக்கலாம். மூக்குவாருக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையட்டும். பற்களைப் பரிசோதித்த பிறகு வழுவழுப்பான இரும்பை வாயில் வைத்து, வார் கட்டாமல் சில நிமிடம் விட்டுவிடுங்கள். குட்டி அதை மென்று பார்க்கும், நாக்கால் தள்ளிப் பார்க்கும். மெல்வது அடங்கியபின் வாரைக் கட்டினால் போதும்.