அயல்வாசல் - 11: உங்கள் வக்கீல் யாருடைய வக்கீல்?

2017 பிப்ரவரியில் ஓர் இலங்கைத் தமிழ் விவசாயி மெக்சிகோ எல்லையைத் தாண்டி கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தார். எல்லைக்கோட்டிலிருந்து 25 கெஜ தூரத்திலேயே பிடிபட்டார். புகலிடம் கேட்டார். சில ஆட்கள் தன்னைக் கடத்திக்கொண்டுபோய்க் கடுமையாக அடித்ததைப் பேட்டி எடுத்த அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி அதை நம்பவும் செய்தார். ஆனால் அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கோரிக்கை தள்ளுபடி ஆனது.

அமெரிக்கப் புகலிடச் சட்டத்துக்கு அடி வாங்கியது மட்டும் போதாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்தில் ஒன்றின் பொருட்டு அந்த அடி விழுந்திருக்க வேண்டும். தமிழர் ஆதரவு அரசியலுக்காகத் தன்னைத் துன்புறுத்துவார்கள் என்ற வாதம், பிற்பாடு போட்ட ஆட்கொணர்வு மனுவில்தான் முதல்முறையாக இடம்பெற்றது. காலம் கடந்துவிட்டது. உச்ச நீதிமன்றம்வரை போன இந்தத் துரைசிங்கம் வழக்கில், 2020 ஜூனில் 7-2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். உள்ளதில் சட்டம் எதைக் கேட்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து, நேரத்தோடு எடுத்துக் கேட்பவர்தான் நல்ல வக்கீல். இல்லாத கதையைக் கட்டித் தருபவர் வேறு ஜாதி. அவரிடம் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் கொலை வழக்கில் நிற்கும் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. நாடு கடத்தும் வழக்கு சிவில் வழக்கு என்பதால் அதில் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது, செலவு உங்களுடையது. தனியாக வந்து நிற்கும் சிறுவர்களுக்கும் இதே கதைதான். ஜாக் வைல் என்ற மூத்த குடியேற்ற நீதிபதி, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குக்கூடக் குடியேற்றச் சட்டத்தைப் புரியவைத்திருப்பதாக ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுத்தார். 2016இல் அது பத்திரிகையில் வந்தபோது நாடே கேலி செய்தது. 2007 முதல் 2012 வரை நடந்த வழக்குகளை ஆராய்ந்த இங்ரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷேஃபர் இருவரும், 37 சதவீதம் பேருக்குத்தான் வக்கீல் இருந்ததாகக் கண்டார்கள். தடுப்புக்காவலில் இருந்தவர்களில் அது 14 சதவீதம்.

பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக வாதாடக்கூடியவர்கள் யார் யார்? ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல். இது மத்திய அரசின் சட்டம் என்பதால் டெக்சாஸில் இருப்பவர் நியூயார்க் வக்கீலை வைத்துக்கொள்ளலாம். அடுத்து, நீதித்துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனங்களில், அதே துறையின் அனுமதி பெற்று வேலை செய்யும் பிரதிநிதிகள். இவர்கள் வக்கீல்கள் அல்ல, ஆனால் சட்டப்படி செல்லும், கட்டணமும் குறைவு. நம்மவர்கள் இவர்களை அதிகம் தேடிப் போவதில்லை என்பது என் வருத்தம். வரிப் படிவம் நிரப்புபவர், டிராவல் ஏஜெண்ட், நோட்டரி, "நூறு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லும் அண்ணாச்சி, இவர்கள் யாருக்கும் இந்த அதிகாரம் இல்லை. மாநில வழக்கறிஞர் அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களின் பட்டியலை நீதித்துறையே வெளியிடுகிறது.

ஏஜெண்டுகள் விரிக்கும் வலைகளில் மிகத் தந்திரமானது 'பத்து வருஷ கிரீன் கார்டு'. பத்து வருஷம் இங்கே இருந்தாலே கிரீன் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். அப்படி நேராக விண்ணப்பிக்கும் வழி எதுவும் இல்லை. இருப்பது ஒரு விலக்கு. நாடு கடத்தும் வழக்கில் நிற்பவர்தான் அதை நீதிபதியிடம் கேட்க முடியும். பத்தாண்டு வாசம் மட்டும் போதாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பெற்றோர், துணை, பிள்ளை ஆகியோரில் ஒருவர் சாதாரணத்தை மிஞ்சிய துன்பத்துக்கு ஆளாவார் என்று நிரூபிக்க வேண்டும். கிடைப்பது ஆண்டுக்கு 4,000 பேருக்கு மட்டும். அந்த நீதிமன்றத்துக்குள் உங்களைத் தள்ள, ஏஜெண்ட் உங்களுக்கே தெரியாமல் உங்கள் பெயரில் புகலிட மனு போடுகிறார். நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் போட்டிருக்க வேண்டிய மனு அது, பெரும்பாலும் தேறாது. ஆனால் அது நிலுவையில் இருக்கும்போதே ஒர்க் பெர்மிட் வந்துவிடும். வீட்டில் பாயசம் வைப்பார்கள், ஏஜெண்டை நாலு பேருக்குச் சிபாரிசும் செய்வார்கள். பிறகு வருகிறது நீதிமன்ற சம்மன். அதுவரை யாரும் தேடாதிருந்த ஆள், தானே பணம் கட்டி நாடு கடத்தும் பட்டியலில் ஏறியிருப்பார்.

உரிமம் இருந்தால் மட்டும் நம்பிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. 2012 டிசம்பரில் நியூயார்க்கில், சீனர்களுக்குப் பொய்ப் புகலிடக் கதைகள் எழுதிக் கொடுத்ததாக 26 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் ஆறு பேர் வக்கீல்கள். பொய் மனு என்று முடிவானால், போட்டவருக்கு வாழ்நாள் முழுக்கக் கதவு அடைபடும்.

என் அளவுகோல் எளியது. முதல் சந்திப்பில் யார் அதிகம் கேட்கிறார் என்று பார்ப்பேன். எப்போது, எப்படி வந்தீர்கள், முன்பு என்னென்ன படிவம் போட்டீர்கள், போலீஸ் கேஸ் உண்டா என்று குடைபவர் நல்லவர். "கவலைப்படாதீர்கள், முடித்துத் தருகிறேன்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நாற்பது ஆண்டுகள் கிரீன் கார்டோடு வாழ்ந்த, வியட்நாம் போரில் பங்கேற்ற ஹோசே படியாவிடம் அவருடைய கிரிமினல் வக்கீல் அப்படித்தான் சொன்னார்: இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், குடியேற்றச் சிக்கல் வராது என்று. கஞ்சா கடத்திய வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதுவே நாடு கடத்தக் காரணமாயிற்று. இந்த ஆபத்தைச் சொல்வது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. குடியேற்றச் சட்டம் தெரியாத வக்கீல், எவ்வளவு நல்லவரானாலும், இங்கே உதவமாட்டார்.

எச்-1பி விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி வக்கீல் படிவத்தில் உங்கள் பெயரும் இருக்கலாம். கட்டணம் கொடுப்பது கம்பெனி. எச்-1பி மனுவுக்கான வக்கீல் கட்டணத்தைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்பது விதி. அதை உங்கள் தலையில் கட்டும் கன்சல்டன்சிகளைச் சந்தேகியுங்கள். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். உங்கள் நலனும் கம்பெனியின் நலனும் அந்த நாளில் பிரிந்துவிடும். சொந்த வக்கீலை அதற்கு முன்பே பார்த்து வைத்திருங்கள்.

வக்கீல் ஏமாற்றிவிட்டால் வழக்கைத் திரும்பத் திறக்க வழி இருக்கிறது. 1988இல் லொசாடா வழக்கில் வகுத்த நிபந்தனைகள் இன்றும் கேட்கப்படுகின்றன: வக்கீலோடு என்ன ஒப்பந்தம் என்று பிரமாண வாக்குமூலம், குற்றச்சாட்டை அவருக்கே தெரிவித்து பதில் சொல்ல வாய்ப்பு, வழக்கறிஞர் அமைப்பில் புகார், அல்லது புகார் தராததற்கு விளக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர் முதல் படியிலேயே தடுமாறுவார்.

கட்டணத்தில் பேரம் பேசுங்கள், தவணை கேளுங்கள், ரசீது வாங்குங்கள். ஆனால் தெரிந்த மொழியில் படித்துக்காட்டாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பியவர் யாராக இருந்தாலும், அதில் உள்ளதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான்.

(தொடரும்)