ஹைபா துறைமுகத்தில் நமக்கு என்ன வேலை?

செவ்வாப்பேட்டையில் ரயிலேறி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குச் செல்லும் தோழரைப் பார்த்து, "இஸ்ரேல் விவகாரம் உமக்கு எதற்கய்யா? யூதனும் அரபியனும் எங்கோ கடல் கடந்து அடித்துக்கொள்கிறார்கள். உமக்குப் பஞ்சப்படிக் கணக்கே இன்னும் தீர்ந்தபாடில்லை!" என்று கேலி பேசுவோர் உண்டு. கேள்வி கேட்பது அவர்கள் உரிமை. விடை கூறுவது நம் கடமை.

2024 ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 'மரியான் டானிகா' என்ற கப்பல் புறப்பட்டது. டென்மார்க் கொடி பறந்த கப்பல். போகும் இடம் இஸ்ரேலின் ஹைபா துறைமுகம். உள்ளே இருந்தது 27 டன் வெடிபொருள் என்று ஸ்பெயின் நாட்டு ஏடுகள் எழுதின. வழியிலே கார்ட்டஹேனா துறைமுகத்தில் தங்க அனுமதி கேட்டபோது, மே மாதத்தில் ஸ்பெயின் அரசு கதவைச் சாத்திவிட்டது. மேற்கு ஆசியாவுக்குத் தேவை அமைதி, ஆயுதமல்ல என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். எங்கோ இருக்கும் ஸ்பெயின் மறுத்த சரக்கு, நம் சென்னையிலே கப்பலேறிய சரக்கு! அது மட்டுமா? நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018 இல் வாங்கிய அதானி குழுமந்தான், 2023 ஜனவரியில் இஸ்ரேலியக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து ஹைபா துறைமுகத்தையும் கைக்கொண்டது. முதலாளிக்கு ஹைபாவும் காட்டுப்பள்ளியும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். முதலாளிக்குத் தூரமாகத் தோன்றாத ஊர், தொழிலாளிக்கு மட்டும் தூரமாவது எப்படி?

ஆகவே அந்த நாட்டின் கதையை நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

யூதர் பட்ட பாடு

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். யூத மக்கள் மீது நமக்குப் பகை இல்லை, இருக்கவும் கூடாது. ஐரோப்பா அவர்களை நூற்றாண்டுக் கணக்கில் விரட்டியது, சேரிகளில் அடைத்தது, இறுதியில் இட்லர் 60 இலட்சம் யூதரைக் கொன்று குவித்தான். நம் மண்ணிலோ அவர்களுக்கு அந்தக் கொடுமை நேர்ந்ததில்லை. ஏறத்தாழ கி.பி. 1000 இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு உரிமைகள் வழங்கி, செப்பேடு பொறித்துக் கொடுத்தான். சென்னைப் பட்டினத்திலும் யூத வணிகர் வைரமும் பவளமும் விற்று வாழ்ந்தனர். யூதனை எரித்தது கிழக்கு அல்ல, மேற்கு. ஆனால் அந்தப் பாவத்துக்குத் தண்டனை செலுத்தியவர் யார்? ஒரு பாவமும் அறியாத பாலஸ்தீன உழவர்!

பிறர் நிலத்தைத் தானம் செய்த பிரிட்டன்

1917 நவம்பர் 2 ஆம் நாள் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் பால்பர், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் அமைக்கத் துணை நிற்போம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த நிலம் அன்று துருக்கியின் ஆட்சியில் இருந்தது. வாழ்ந்தவரில் பெரும்பாலோர் அரபு மக்கள். அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே என்றார்களே, அதுதான்!

அடுத்த ஆண்டு, 1918 செப்டம்பர் 23 இல், ஹைபா நகரைத் துருக்கியரிடமிருந்து பிரிட்டனுக்காகப் பிடித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஜோத்பூர், மைசூர் சமஸ்தானங்களின் குதிரைப் படையினர்! ஈட்டியும் வாளும் ஏந்தி, இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துப் பாய்ந்தார்கள். வீரம் பெரிது, ஐயமில்லை. ஆனால் பலன் யாருக்கு? அடிமை நாட்டு வீரன் இரத்தம் சிந்தினான். ஆண்டை நாடு நிலத்தைப் பெற்றது. டில்லியிலே அந்த வீரர்களின் நினைவாக நிற்கும் தீன்மூர்த்திச் சதுக்கத்துக்கு 2018 இல் 'ஹைபா' என்ற பெயரையும் சேர்த்தார்கள். பெயர் சூட்டினார்கள், யாருக்காகச் செத்தார்கள் என்ற பாடத்தை மட்டும் சொல்லவில்லை.

1948: ஒரு நாடு பிறந்தது, ஒரு மக்கள் நாடிழந்தனர்

1947 நவம்பர் 29 இல் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. ஆதரவு 33 வாக்கு, எதிர்ப்பு 13. எதிர்த்தவர்களில் இந்தியாவும் ஒன்று. மூன்று மாதங்களுக்கு முன்புதான் பிரிவினையின் இரத்தத்தைக் கண்ட நாடல்லவா! மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதருக்கு நிலத்தில் பாதிக்கு மேல் என்றது அந்தத் தீர்மானம்.

1948 மே 14 இல் பென்குரியன் இஸ்ரேல் நாட்டை அறிவித்தார். மறுநாளே அரபு நாடுகளின் படைகள் புகுந்தன. ஆனால் அதற்கு முன்பே விரட்டல் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 9 இல் தேர் யாசின் என்ற சிற்றூரில் பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அதே மாதம் ஹைபா வீழ்ந்தது. அங்கே வாழ்ந்த பல்லாயிரம் அராபியரில் சில ஆயிரம் பேரே மிஞ்சினர். போர் ஓய்ந்தபோது, பாலஸ்தீன நிலத்தில் 100க்கு 78 பங்கு இஸ்ரேல் வசம். 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் அகதிகள். அகதிகள் ஊர் திரும்ப உரிமை உண்டு என்று அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. கூறியது. கூறியது கூறியபடியே ஏட்டில் இருக்கிறது. வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவர்கள், அந்தச் சாவியைப் பேரனிடம் கொடுத்துவிட்டுச் செத்தார்கள்.

போர் மேல் போர்

1956 இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலைக் கூட்டிக்கொண்டு எகிப்தின் மீது பாய்ந்தன. நேரு கண்டித்தார், உலகம் கண்டித்தது, அமெரிக்காவும் நெருக்கியது, மூவரும் பின்வாங்கினர். அதன் பின் ஐ.நா. அமைதிப் படையில் இந்தியச் சிப்பாய்கள் காசாவில் காவல் நின்றனர். 1967 ஜூன் 5 இல் இஸ்ரேல் மீண்டும் தாக்கியது. சில மணி நேரத்தில் எகிப்தின் விமானப் படை தரையிலேயே எரிந்தது. ஆறே நாளில் சினாய், காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலம், கோலன் குன்றுகள் அனைத்தும் இஸ்ரேல் பிடியில்! அந்த நாட்களில் காசாவில் நின்ற இந்திய வீரர்களும் இஸ்ரேலின் குண்டுக்குப் பலியாயினர்.

1973 இல் எகிப்தும் சிரியாவும் திருப்பித் தாக்கின. 1979 இல் எகிப்து தனி உடன்பாடு செய்துகொண்டு சினாயைத் திரும்பப் பெற்றது. பாலஸ்தீனர் தனித்து விடப்பட்டனர். 1982 இல் லெபனான் படையெடுப்பு. 1987 இல் கல்லெறிந்த சிறுவர்களின் எழுச்சி. 1993 இல் ஆஸ்லோ உடன்பாடு. அதில் கையெழுத்திட்ட பிரதமர் ராபினை 1995 இல் ஒரு யூத வெறியனே சுட்டுக் கொன்றான். உடன்பாட்டுக்குப் பின்னும் மேற்குக் கரையில் குடியேற்றங்கள் வளர்ந்தனவே தவிரக் குறையவில்லை. 2007 முதல் காசா முற்றுகைக்குள்.

2023 அக்டோபர் 7 இல் ஹமாஸ் எல்லை கடந்து தாக்கியதில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். 250 பேர் வரை பிணையாகக் கடத்தப்பட்டனர். குடிமக்களைக் கொன்ற அச்செயலை நாம் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் அதற்குப் பதில் என்று இஸ்ரேல் நடத்தியது என்ன? 2025 அக்டோபர் 10 இல் போர்நிறுத்தம் வந்தபோது, மாண்டோர் 67,000க்கு மேல் என்றது காசாவின் சுகாதாரத் துறை. மருத்துவமனை இடிந்தது, பள்ளிக்கூடம் இடிந்தது, ரொட்டிக்கு வரிசையில் நின்றவனும் சுடப்பட்டான். நடந்தது இனப்படுகொலை என்று 2025 செப்டம்பரில் ஐ.நா. விசாரணைக் குழு கூறிற்று. பிரதமர் நெதன்யாகு மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் பிடி ஆணை பிறப்பித்தது.

தமிழன் தலையில் விழுந்த குண்டு

நம் மேடைகளில் ஒரு பேச்சு உண்டு. "ஈராயிரம் ஆண்டு நாடற்று அலைந்த யூதன் நாடு கண்டான், தமிழா, நீ எப்போது?" என்று முழங்குவார்கள். கைதட்டலும் கிடைக்கும். யூதரின் மொழிப்பற்றையும் விடாமுயற்சியையும் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த நாடு தமிழனுக்கு என்ன செய்தது என்பதை அந்த மேடைகள் சொல்வதில்லை.

1984 இல் கொழும்பிலே, அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலின் நலன் காக்கும் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. ஜெயவர்த்தனா ஆட்சியின் அதிரடிப் படைக்கு இஸ்ரேலியர் பயிற்சி தந்தனர். கடலில் ஓட 'டிவோரா' படகுகள் வந்தன. 1990 இல் பிரேமதாசா அந்தப் பிரிவை மூடச் செய்தார். ஆயினும் 1996 இல் 'கிபிர்' போர் விமானங்கள் வந்து இறங்கின. 1967 இல் பிரான்சு ஆயுதம் தர மறுத்த பின், பிரெஞ்சு மிராஜ் அமைப்பில் அமெரிக்க இயந்திரத்தைப் பொருத்தி இஸ்ரேல் செய்த விமானம் அது. கிபிர் என்றால் எபிரேய மொழியில் சிங்கக் குட்டியாம்! சிங்கக் கொடிக்குச் சிங்கக் குட்டி! 2006 ஆகஸ்ட் 14 இல் முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது வீசிய குண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளி மாணவியர், மாண்டனர். புலிகளின் பயிற்சி முகாம் என்றது கொழும்பு. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அழுத குரலை உலகம் கேட்டது. காசாவிலும் அதே சொல், அதே அழுகை.

பாலஸ்தீனத் தலைவர்கள் நமக்காகக் குரல் கொடுத்தார்களா என்று கேட்பர். இல்லைதான். பாலஸ்தீன நட்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ராஜபக்சேவை 2014 இல் அவர்கள் வரவேற்கவே செய்தார்கள். வருத்தந்தான். ஆனால் நியாயம் பண்டமாற்று அல்லவே! அவர் தலைவர் செய்த பிழைக்காக, அந்த ஊர்க் குழந்தை சாகலாம் என்று கூறுவோமா? கூறினால், முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசும் தகுதியை நாம் இழந்துவிடுவோம்.

டில்லியின் நிறமாற்றம்

1950 இல் இஸ்ரேலை அங்கீகரித்தபோதும், முழுத் தூதரக உறவுக்கு இந்தியா இசையவில்லை. 1974 இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்தது; 1988 இல் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது. 1992 இல் காங்கிரசு ஆட்சியில் இஸ்ரேலுடன் முழு உறவு மலர்ந்தது. பிறகு ஆயுத வாணிபம் பெருகிற்று. 2017 இல் மோடி அங்கே சென்றார். இந்தியப் பிரதமர் ஒருவர் செல்வது அதுவே முதல் முறை. 2018 இல் ஐதராபாத்தில் அதானியும் இஸ்ரேலின் எல்பிட் கம்பெனியும் சேர்ந்து ஆளில்லா விமானத் தொழிற்சாலை திறந்தன. 2023 அக்டோபர் 27 இல் ஐ.நா.வில் போர் ஓய்வு கேட்டு வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. டிசம்பரில் ஆதரித்தது, 2025 ஜூனில் மீண்டும் ஒதுங்கியது. 1947 இல் ஏழை நாடாக, பிறந்த குழந்தையாக இருந்தபோது எழுந்த கை, வல்லரசு என்று மார்தட்டும்போது எழ மறுப்பதேன்?

கருங்காலி வேலைக்கு அழைப்பு

தொழிலாளத் தோழர்களே, இனி கூறுவது நேராக உங்களுக்கு. போருக்கு முன் சுமார் ஒன்றரை இலட்சம் பாலஸ்தீனர் இஸ்ரேலுக்குள் சென்று கூலி வேலை பார்த்தனர். பெரும்பாலும் கட்டட வேலை. 2023 அக்டோபரில் அவர்களின் அனுமதிச் சீட்டுகளை ஒரே அடியாக நிறுத்தினார்கள். அந்த இடத்தை நிரப்ப எங்கே ஆள் தேடினார்கள்? இந்தியாவில்! 2024 ஜனவரியில் அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் கம்பி கட்டுவோரும் கொத்தனாரும் வரிசையில் நின்றனர். மாதம் ஒரு இலட்சத்து முப்பத்தேழாயிரம் ரூபாய் என்றார்கள்.

போனவரை நாம் ஏச மாட்டோம். ஊரிலே வேலை கொடுக்காத அரசு, உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறது. பசி இழுத்துச் செல்கிறது. 2024 மார்ச்சில் லெபனான் எல்லையில் ஏவுகணை விழுந்து கேரளத்துத் தொழிலாளி ஒருவர் தோட்டத்திலேயே மாண்டார். ஆனால் கும்மிடிப்பூண்டியிலே ஓர் ஆலையில் இருப்பவனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வெளியூர் ஆளை உள்ளே விட்டால் அதற்கு நாம் என்ன பெயர் சொல்வோம்? அதே பெயர்தான் இதற்கும். குற்றம் வந்தவன் மேல் அல்ல, அழைத்தவன் மேல். மத்தியத் தொழிற்சங்கங்கள் 2023 நவம்பரிலேயே இத்திட்டத்தை எதிர்த்தன.

செய்ய வேண்டியது

நம்மிடம் பீரங்கி இல்லை. ஆனால் பீரங்கிக்கு வேண்டிய எதுவும் தொழிலாளியின் கை படாமல் நகராது. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குச் செல்லும் ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்தது. அதைவிடக் கண்ணியமான அறிக்கையை எந்த வெளியுறவு அமைச்சகமும் வெளியிடவில்லை! ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்றது. அரசின் வேலை என்றால், அரசை உண்டாக்கும் மக்களின் வேலை என்றே பொருள்.

ஆகவே கிளைக் கூட்டங்களிலும் வாயிற்கூட்டங்களிலும் இதைப் பேசுங்கள். இசுலாமியத் தோழருக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எவரேனும் சுருக்கினால், செஞ்சோலையைச் சொல்லுங்கள். யூதனைப் பழி என்று எவரேனும் பெருக்கினால், இட்லரைச் சொல்லுங்கள். சென்னையிலும் காட்டுப்பள்ளியிலும் ஏறும் சரக்கு என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்று தீர்மானம் போடுங்கள். நம் கையால் ஏற்றிய பெட்டி, எங்கோ ஒரு தாயின் மடியில் வெடிக்கக் கூடாது. இவ்வளவே நம் கோரிக்கை. இதில் ஒரு சொல்லும் குறைக்க நாம் தயாரில்லை.