மீனுக்குத் தொட்டியா, தொட்டிக்கு மீனா?

அண்மையில் நாம் ஒரு கிராமத்து வீட்டிற்குச் சென்றிருந்தோம். முன்விறாந்தையில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி. அதனுள் ஒரேயொரு மீன். மீனின் நீளமும் ஓரடி. திரும்பும்போதெல்லாம் உடலை வளைத்து மூக்கைக் கண்ணாடியில் உரசியே திரும்பியது. மூக்கின் நுனி புண்ணாகியிருந்தது.

"இரண்டு வருஷத்துக்கு முன்னம் சுறாக்குட்டி எண்டு சொல்லித் தந்தவை. அப்ப விரலளவுதான்" என்றார் தாயார். "குளத்திலை விடுவம் எண்டு அவர் சொல்லுறார். மகன் அழுகிறான். எவ்வளவு பெரிய தொட்டி வாங்கினால் காணும்?"

இக்கேள்வி அந்த வீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆகவே இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தொட்டிக்கேற்ப மீன் வளருமா?

"தொட்டியின் அளவுக்கு ஏற்பவே மீன் வளரும்" எனப் பலர் நம்புகின்றனர். இது தவறு. சிறிய தொட்டியில் கழிவு சேர்ந்து நீர் கெடுவதால் மீனின் வளர்ச்சி தடைப்படலாம். அது நோயின் அறிகுறியேயன்றி இசைவாக்கம் அன்று. நாம் கண்டது உண்மையில் சுறாவும் அன்று. மேகொங் ஆற்றைத் தாயகமாகக் கொண்ட கெளிற்று இன மீன் அது. ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடியது. நீரில் ஒட்சிசன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். உயிரோடு இருக்கிறது என்பதனால் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

நீளம் ஒன்று, நிறை வேறு

5 சென்ரிமீற்றர் மீன் 30 சென்ரிமீற்றராகும்போது நீளம் 6 மடங்காகிறது. ஆனால் அகலமும் தடிப்பும் கூடவே பெருகுவதால் நிறை ஏறத்தாழ 216 மடங்காகிறது. உணவும் கழிவும் அதற்கேற்பப் பெருகும். எனவே "ஓர் அங்குல மீனுக்கு ஒரு கலன் நீர்" என்ற கணக்கு சிறு மீன்களுக்குப் பொருந்தலாம். பெரிய மீன்களுக்குப் பொருந்தாது.

மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சாகும். வடிகட்டியில் வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். நீர் குறைவாயின் நஞ்சு விரைவில் செறிவடையும்.

அளப்பது எப்படி?

கடையில் காணும் குஞ்சை அளக்க வேண்டாம். அது வளர்ந்தபின் அடையும் நீளத்தைக் கேட்டறியுங்கள். தொட்டியின் நீளம் அதைப்போல் நான்கு மடங்காவது, அகலம் ஒன்றரை மடங்காவது இருத்தல் நன்று. உயரத்தைவிட அகலமே முக்கியம். மீன் திரும்புவதற்கு மட்டுமன்றி, நீரின் மேற்பரப்பினூடாக ஒட்சிசன் கலப்பதற்கும் அதுவே உதவும். நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும்.

ஒஸ்கார் மீன் 30 சென்ரிமீற்றர் வளரும். ஒன்றை வளர்க்க 120 × 45 × 50, அதாவது 270 லீற்றர் தொட்டி வேண்டும். நீர் மட்டுமே 270 கிலோ நிறையுடையது. சாதாரண மேசை தாங்காது. கொய் கார்ப் 60 சென்ரிமீற்றரையும் தாண்டும்; அதற்குக் கண்ணாடித் தொட்டியன்றி முற்றத்துச் சீமெந்துத் தொட்டியே ஏற்றது. புதிய சீமெந்துத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் ஊறும். நீர் நிரப்பி, வாழைக்குற்றித் துண்டுகளை ஊறவிட்டு, பலமுறை நீரை மாற்றிய பின்னரே மீன் விட வேண்டும்.

மின்சாரத்தையும் எண்ணிப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. காற்றுப் பம்பியை மட்டும் நம்பிய சிறு தொட்டியில் பெரிய மீன் இருந்தால் அந்நாட்களில் அதன் கதி என்ன? மின்சாரம் இல்லாத வேளையில் உணவு போடாதீர்கள். கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

குளத்தில் விடலாமா?

கூடாது. வளர்ப்பு மீனாக வந்த கத்தி வடிவ நைஃப் மீனும், தொட்டியைத் துப்புரவாக்கும் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய் மீனும் இன்று எமது நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டன. முன்னையது ஏனைய மீன்களை இரையாக்குகிறது. பின்னையதன் முட்செட்டைகள் வலைகளைக் கிழிக்கின்றன. இரக்கத்தினால் விடும் ஒரு மீன், குளத்தை நம்பி வாழும் குடும்பங்களின் உலையில் கைவைக்கக்கூடும்.

அலங்கார மீன் வளர்த்து விற்கும் எமது வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குஞ்சை விற்கும்போதே அது எவ்வளவு வளரும் என்பதையும் சொல்லுங்கள். ஒரு விற்பனை தவறினாலும் வாங்குபவரின் நம்பிக்கை உங்களுக்குக் கிடைக்கும்.

அந்த வீட்டுக் கணக்கையும் நாம் போட்டுப் பார்த்தோம். ஒரு மீற்றர் மீனுக்கு நான்கு மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழம்: 6,000 லீற்றர். சிறுவன் அளவுநாடாவை எடுத்து வந்து விறாந்தையை அளந்தான். மூன்று மீற்றர்தான்.

"எங்கட விறாந்தையும் காணாது" என்றான். அதன்பின் அவன் அழவில்லை.

மழைக்கு நிரம்பி வழியாத, வாய்க்கால் தொடர்பற்ற பெரிய மண்குளத்தில் உணவு மீன் வளர்க்கும் ஒருவர் அதனைப் பொறுப்பேற்றார். பழைய தொட்டியில் இப்போது சில கப்பி மீன்கள் ஓடித்திரிகின்றன. அவற்றுக்கு அந்த இடம் தாராளம்.

முதலில் அளப்போம், பின்னர் வாங்குவோம்.