மணல்திட்டில் எழுந்த கடற்கரை

ஹ்விடோவ்ரேயில் புதிதாகக் குடியேறிய எம்மவர்க்குக் கடல் தூரமில்லை. பிரீஹெடன் நிலையத்தில் ரயில் ஏறினால் சில தரிப்புகளில் இஷ்ஷோய் வந்துவிடும்.

முன்பு அங்கே ஆழமற்ற கடலில் மணல்திட்டுகளே கிடந்தன. அவற்றின்மேல் கடல் மணலைக் கொட்டி, ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமான கடற்கரைப் பூங்காவை அமைத்து 1980இல் திறந்தார்கள். அருகிலுள்ள மாடிக் குடியிருப்புகளின் தொழிலாளர் குடும்பங்களும் அங்கே குளிக்கின்றன. நுழைவுக் கட்டணமில்லை. மணல் பறக்காமலிருக்கப் புல் வளர்த்திருக்கிறார்கள். அதை மிதிக்காமல் நடப்போம்.

ஊரில் காரைநகர் கசூரினாக் கடற்கரை போர்க்காலத்தில் நீண்டகாலம் எமக்கு எட்டாதிருந்தது. கடலென்றால் எமக்கு இன்னும் நேவியின் நினைவுதான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வேண்டாம். கோடையில் ஒரு ஞாயிறு சோற்றுப்பொதியோடு போவோம். சிறுவர்களைத் தனியே தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.