நியூட்ரல்ல இறக்காதீங்க பாஸ்!

ஆடி மாசம். காந்தலில் மூணு நாளா விடாத மழை. கிரவுண்டில் ஃபுட்பால் ஆட வழியில்லை. ஃபிங்கர் போஸ்ட் வரைக்கும் நடந்து போய் ஒரு டீ அடிக்கலாம் என்றால், காற்றில் குடை தலைகீழாகத் திரும்புகிறது. இப்படி ஒரு நாளில் நீங்க என்ன பண்ணுவீங்க?

நாங்க ஃபைட்டர் ஜெட் ஓட்டினோம்!

கதை விடலைங்க. நண்பன் வீட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜாய்ஸ்டிக், தலையில் குல்லா, மடியில் கம்பளி. அவ்வளவுதான் எங்க ஏர்ஃபோர்ஸ். ஓட்டியது, 'டிசிஎஸ் வேர்ல்டு' என்ற சிமுலேட்டருக்காக 2014-ல் வெளிவந்த மிக்-21 பிஸ். டேக் ஆஃப் சும்மா அதிர்ந்தது. ஆஃப்டர்பர்னரைத் தட்டியதும் வானம் நம்ம கையில்! ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, கெத்தாக லேண்டிங்குக்கு வந்தோம்.

டமார்!

ரீஸ்டார்ட். மறுபடி டமார்! சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை இடித்தோம். பதினோரு தடவையும் ஒரே தப்பு. அந்தத் தப்பு என்ன என்று புரிந்தபோது, கேம் விளையாடுகிற மூடே போய்விட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

யார் இந்தத் தாத்தா?

மிக்-21, சோவியத் யூனியனின் தயாரிப்பு. முதல் மாதிரிகள் 1950-களின் நடுவிலேயே பறந்துவிட்டன. உலகம் முழுக்க 10,000-க்கும் மேல் கட்டப்பட்ட ஜெட் இது. 1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்தது. பிறகு நாசிக்கில் எச்.ஏ.எல். நிறுவனமே தயாரிக்க ஆரம்பித்தது. 1971 போரில், டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கியவை இந்த மிக்-21-கள்தான். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விழா எடுத்து ஓய்வு கொடுத்தார்கள். 62 வருஷ சர்வீஸ்!

இதை டிசைன் செய்தபோது கொடுக்கப்பட்ட வேலை ரொம்ப சிம்பிள். எதிரி விமானம் உயரத்தில் வருகிறதா? சர்ரென்று மேலே ஏறு, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் துரத்து, சுடு, திரும்பி வா. அதனால்தான் பின்னோக்கி 57 டிகிரி சாய்ந்த, மெல்லிய முக்கோண இறக்கை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏழு மீட்டர் சொச்சம்தான். நம்ம ஊர் மினி பஸ்ஸின் நீளம்! சாதாரணமாக சுமார் 4,100 கிலோ தள்ளுவிசை தரும் இன்ஜின், ஆஃப்டர்பர்னர் போட்டால் சுமார் 6,850 கிலோ தரும். வேகமாகப் போகும்போது இதைப் போல ஒரு சமர்த்துப் பிள்ளை கிடையாது.

பிரச்னையே மெதுவாகப் போகும்போதுதான்!

மூக்கு மேலே, பிளேன் கீழே

சின்ன இறக்கை மெதுவான வேகத்தில் விமானத்தைத் தாங்க வேண்டுமென்றால், மூக்கை நன்றாகத் தூக்கிப் பறக்க வேண்டும். நேரான இறக்கை உள்ள விமானத்தில் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், ஒரு கட்டத்தில் உதறும், பிறகு 'தொபுக்' என்று மூக்கு விழும். அதாவது சத்தம் போட்டு எச்சரிக்கும். முக்கோண இறக்கை அப்படி இல்லை. அதன் மேல்பக்கம் காற்று சுழலாக உருண்டு, தொடர்ந்து தாங்கிக்கொண்டே இருக்கும். உதறல் வந்தாலும் திடீர் சரிவு இல்லை. 'நல்லாத்தானே போகுது' என்று தோன்றும். ஆனால், காற்றின் எதிர்ப்பு பயங்கரமாக ஏறிவிடும். வேகம் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரையும். மூக்கு வானத்தைப் பார்த்தபடியே இருக்க, விமானம் தரையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருக்கும்.

எங்க தப்பு இங்கேதான். ரன்வேக்கு முன்னாடியே விழுந்துடுவோம் போல இருக்கே என்ற பயத்தில் ஸ்டிக்கை இழுத்தோம். மூக்கு இன்னும் ஏறியது, எதிர்ப்பு இன்னும் கூடியது, விமானம் இன்னும் வேகமாக இறங்கியது. சரி, இன்ஜினைக் கூட்டலாம் என்று த்ராட்டிலைத் தள்ளினால், அது அந்தக் கால ஜெட் இன்ஜின். முழு வேகத்துக்கு வர சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில விநாடிகள் நம்மிடம் இல்லை.

இதோடு இன்னொரு கூத்து. மிக்-21 பிஸ்ஸில் லேண்டிங் வேகத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடு உண்டு. இறக்கையின் பின்னால் விரியும் ஃப்ளாப் மீது, இன்ஜினிலிருந்து எடுத்த காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்று இறக்கைக்குக் கூடுதல் பலம். ஆனால், ஊதுவது இன்ஜின் ஆச்சே! 'வேகம் ஜாஸ்தி' என்று த்ராட்டிலை ஒரேயடியாக இழுத்தால், இன்ஜின் சத்தத்தோடு சேர்ந்து அந்தத் தாங்கலும் போய்விடும். அப்புறம் என்ன... டமார்தான்.

கல்லட்டி பாடம்

பன்னிரண்டாவது தடவைக்கு முன்னால், கூட இருந்த ஒரு நண்பன் சொன்னதுதான் திருப்புமுனை. அவன் பிக்கப் வேன் ஓட்டுகிறவன், காலேஜ் பக்கம் ஒதுங்காதவன். "டேய், கல்லட்டில நியூட்ரல் போட்டு இறக்குவியா நீ?"

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் போயிருக்கிறீர்களா? 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கியரில்தான் இறங்க வேண்டும். இறக்கம்தானே என்று நியூட்ரல் போட்டால் இன்ஜினின் பிடி போய்விடும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்தால், சூடேறி அதுவும் கைவிடும். வேனில் இன்ஜின் உங்களைப் பிடித்து நிறுத்துகிறது. மிக்-21-ல் தாங்கிப் பிடிக்கிறது. வேலை வேறு, விதி ஒன்றுதான்: இறங்கும்போதும் இன்ஜின் உங்க கையில் இருக்கணும்!

அதன்படி செய்தோம். மணிக்கு சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க ஆரம்பித்து, 300-க்குக் கொஞ்சம் கீழே வரும்போது சக்கரம் தரையைத் தொட வேண்டும். ஒரு பயணிகள் ஜெட் சுமார் 250 கிலோமீட்டரில் இறங்குகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயரம் குறைந்தால் முதலில் த்ராட்டில், பிறகுதான் ஸ்டிக். சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் த்ராட்டிலை மூடினோம். பின்னால் பாராசூட் விரிந்தது. வண்டி நின்றது. ஐந்து பேரும் கத்திய கத்தலில், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "யாருக்குடா வேலை கிடைச்சிருக்கு?" என்றார்!

கோவை டூ காந்தல்... நாலு நிமிஷம்!

டிசிஎஸ் வேர்ல்டில் நம்ம ஊர் மேப் கிடையாது. மிக்-21-ஐக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கம்ப்யூட்டரும் கொஞ்சம் வெயிட்டாக வேண்டும். பர்ஸ் காலியா? 'ஃப்ளைட்கியர்' என்று இலவச சிமுலேட்டர் இருக்கிறது. அதில் மிக்-21 பிஸ்ஸும் உண்டு, உலகம் முழுக்க மலையும் மேடும் உண்டு. கோவை விமான நிலையத்தில் கிளம்பி வடமேற்கே திரும்புங்கள். காந்தலுக்கு நேர்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இல்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நிமிஷம். பஸ்ஸில் மூணு மணி நேரம் குலுங்கி வருகிற நமக்கு, இது ஒன்று போதாதா?

ஆனால், ஒரு விஷயம் கவனியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவிகிதம்தான். வேகம் காட்டும் முள் 340 என்று சொன்னாலும், நிஜத்தில் நீங்கள் 380-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். திரும்ப அதிக இடம் பிடிக்கும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஞாபகம் இருக்கட்டும்!

ஒரு தடவை, வானிலையில் மேகத்தைப் போட்டும் பறந்து பாருங்கள். சில விநாடிகளில் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. இது விளையாட்டில்லை. 2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் வந்த 14 பேரையும் இழந்தோம். திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் ஏற்பட்ட திசைக் குழப்பமே காரணம் என்றது விசாரணை. அந்த 14 பேரில் ஒருவரான குரூப் கேப்டன் வருண் சிங், அதற்கு முந்தைய வருஷம்தான் கட்டுப்பாட்டுக் கருவி பழுதான தேஜஸ் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கியவர்.

ரீஸ்டார்ட் பட்டன் இல்லாதவர்கள்

இப்போது, மூடு போன கதை.

பதினோரு தடவை இடித்த நாங்கள் பதினோரு தடவை ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினோம். விமானப்படையில் இதே விமானத்தில் ஏறியவர்கள், உங்களைவிட இரண்டு மூன்று வயது பெரியவர்கள். 'கிரண்' என்ற சாதுவான, நேர் இறக்கை பயிற்சி ஜெட்டில் பழகிவிட்டு, நேராக மிக்-21-க்குப் போனார்கள். டிவிஎஸ் 50 ஓட்டிப் பழகியவரிடம் லோடு லாரியைக் கொடுத்துக் கல்லட்டியில் இறக்கச் சொன்ன மாதிரி! நடுவில் ஒரு படி வேண்டும், நவீன பயிற்சி ஜெட் வாங்குங்கள் என்று லா ஃபோன்டேன் கமிட்டி 1982-லேயே சொல்லிவிட்டது. 'ஹாக்' விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். விமானப்படையில் சேர்ந்தது 2008-ல். யோசித்துப் பாருங்கள், கையெழுத்துக்கே 22 வருஷம்!

1971-லிருந்து 2012 ஏப்ரல் வரை மிக் ரக விமானங்கள் 482 விபத்துகளில் சிக்கின, 171 பைலட்டுகள் இறந்தார்கள் என்று, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். எல்லாமே லேண்டிங் தப்பு இல்லை. இன்ஜின் கோளாறு, பறவை மோதல் என்று காரணங்கள் பல. 2006-ல் வந்த, ரஹ்மான் இசையமைத்த 'ரங் தே பசந்தி' படத்தில் நண்பனின் உயிரைக் குடிப்பது ஒரு மிக்-21-தான். அந்த விமானத்துக்குப் 'பறக்கும் சவப்பெட்டி' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

ஓட்டிப் பார்த்த பிறகு அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது சவப்பெட்டி இல்லை, கறாரான வாத்தியார். ஒரு வாத்தியார் கறார் என்று தெரிந்தும், மாணவனைத் தயார் செய்யாமல் பரீட்சைக்கு அனுப்பியது யார் தப்பு?

முன்பு மிக்-21 பிஸ் ஓட்டிய 45-வது ஸ்குவாட்ரன், 2016-ல் தேஜஸுக்கு மாறி, 2018-ல் நம்ம மலைக்குக் கீழே சூலூருக்கு வந்தது. தேஜஸும் முக்கோண இறக்கைதான். ஆனால், பைலட் அளவு மீறி இழுத்தால் 'போதும்' என்று கம்ப்யூட்டரே தடுக்கும். மிக்-21-ல் அந்தக் கம்ப்யூட்டர் இருந்த இடம், ஓர் இருபத்து மூணு வயசுப் பையனின் மண்டைக்குள்!

முதல் லேண்டிங்குக்கு 5 டிப்ஸ்

* உயரத்தை த்ராட்டிலால் பிடியுங்கள். ஸ்டிக்கை இழுத்து அல்ல.

* சக்கரம் தரையில் உட்காரும் வரை த்ராட்டிலை மூடாதீர்கள்.

* மூக்கு தூக்கியிருக்கும்போது திருப்பத்துக்குக் காலை, அதாவது ரட்டரை, மெதுவாகப் பயன்படுத்துங்கள். ஸ்டிக்கைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தால் சுழன்றுவிடும்.

* நம்ம பஸ் மாதிரி இதுவும் ஏர் பிரேக்தான். சும்மா சும்மா பிடித்தால் காற்று தீர்ந்துவிடும்.

* சரியாக அமையவில்லையா? வெட்கப்படாமல் மேலே ஏறி இன்னொரு ரவுண்டு வாருங்கள். அந்த முடிவைச் சீக்கிரம் எடுங்கள். இன்ஜினுக்கு யோசிக்க நேரம் வேண்டும், பாஸ்!