இரு சைக்கிள்களில் எதை வைத்துக்கொள்வது?

சுருளிப்பட்டியில் நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றின் பூர்வீக வீடு மூன்று சகோதரர்களுக்குப் பாகம் பிரிக்கப்பட்டபோது, அவர்கள் பங்குக்கு இரண்டு அறைகளும் ஒரு சிறு திண்ணையுமே வந்தன. தட்டுமுட்டுச் சாமான்களைக் குறைப்பதில் அவ்வீட்டு அம்மாளுக்குச் சிரமம் இருக்கவில்லை. அண்டாக்களை விற்றார்; கட்டிலைத் தங்கைக்குக் கொடுத்தார்; திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அதற்கேற்ப அடுக்கினார். ஆனால் திண்ணையில் ஒரு சைக்கிளுக்குத்தான் இடமுண்டு, இருந்தவையோ இரண்டு. “சாமி, இதுக்கு நீங்கதான் ஒரு தீர்ப்புச் சொல்லணும்” என்று தகப்பனாரும் மகனும் நம்மிடம் வந்து நின்றனர். சாலமோன் அரசருக்கு வந்த வழக்கைவிட இது எளிது என்றெண்ணி ஒப்புக்கொண்டோம். அது நம் தவறு.

ஒன்று, தடித்த டயர்களும் முன்புறத்தில் ஷாக் அப்சார்பரும் கொண்ட மலைச் சைக்கிள். மகன் பத்தாம் வகுப்பில் படிக்கையில் தகப்பனார் கடன்பட்டு வாங்கித் தந்தது. இப்போது அதில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்வருபவர் அவரே. மற்றது, வளைந்த கைப்பிடியும் விரற்பருமனுள்ள டயர்களும் கொண்ட ரேஸ் சைக்கிள். இரண்டு கோடை விடுமுறைகளில் தோட்டங்களில் திராட்சைக் கொத்து வெட்டிச் சேர்த்த கூலியைக் கொண்டு மகன் தாமே பழையதாக வாங்கியது. உத்தமபாளையத்துக் கல்லூரிக்கு அதில்தான் செல்கிறார். மகன் சற்று விலகியிருந்த வேளையில் தகப்பனார் தாழ்ந்த குரலில், “அவன் உழைச்சு வாங்குனது சாமி. அதை வேண்டாம்னு என் வாயால எப்படிச் சொல்றது?” என்றார்.

ஒரு மாலை நாமே இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். (ஐம்பது வயதைக் கடந்த குருவானவர் ஒருவர் கைப்பிடியின்மேல் குனிந்து விரைவதைக் கண்டு தேநீர்க் கடையிலிருந்தோர் எழுந்து நின்றது மரியாதையினாலா என்பது இன்றளவும் நமக்கு விளங்கவில்லை.) கம்பம் செல்லும் தார்ச்சாலையில் ரேஸ் சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. காரணம் எளிது. அதன் டயர் 23 முதல் 28 மில்லிமீட்டர் அகலமே உடையது. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுவதால் நசுங்காமல் உருளுகிறது. மலைச் சைக்கிளின் டயரோ இரண்டு அங்குல அகலமும் முண்டும் முடிச்சுமான மேற்பரப்பும் கொண்டது. காற்றழுத்தமும் பாதிக்கும் குறைவு. தார்ச்சாலையில் அது உறுமுகிறதேயன்றி ஓடுவதில்லை. நாம் மிதிக்கும் வலுவில் ஒரு பங்கை ஷாக் அப்சார்பரும் விழுங்கிவிடுகிறது.

தோட்டத்துப் பாதையில் இறங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. சரளைக்கல், மணல், கருவேல முள், வாய்க்கால் கரை ஈரம் ஆகிய அனைத்தும் உள்ள பாதை அது. 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டதென்று கூறப்படுவதும், 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடு பெற்றதுமான பழம், இத்தகைய பாதைகள் வழியாகவே சந்தைக்கு வருகிறது. அங்கே ரேஸ் சைக்கிள் இருநூறு கஜம்கூடப் போகவில்லை, முள் தைத்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து கடையில் நிறுத்தினால், அதன் மெல்லிய வால்வுக்குக் கடைக்காரரிடமிருந்த பம்ப் பொருந்தவில்லை!

மலைச் சைக்கிள் என்ற பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டியதில்லை. 1970-களில் கலிபோர்னியாவின் டாமல்பையஸ் மலைச்சரிவுகளில் இளைஞர்கள் சிலர் பழைய தடித்த டயர் சைக்கிள்களை உருட்டி விளையாடியதிலிருந்து பிறந்த வண்டி அது. நம் சுருளி மலைக்காடோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. விரும்பியபடி சைக்கிளோட்டும் இடமன்று. நமக்கு அவ்வண்டியின் பயன் மலையில் இல்லை, தோட்டத்துப் பாதையில்தான் உள்ளது.

இவ்வளவும் அறிந்தபின் நமக்குத் தெளிவான செய்தி ஒன்றுதான். மலைச் சைக்கிளில் முண்டு டயரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை அங்குல வழவழப்பான டயர் மாட்டலாம். தார்ச்சாலையில் அது ஓரளவு நன்றாகவே ஓடும். இரும்புக் கேரியரும் பொருத்தலாம். ரேஸ் சைக்கிளில் தடித்த டயரை மாட்ட நினைத்தால், சட்டத்திலும் பிரேக்கிலும் அதற்கு இடமே இராது. மெல்லிய அச்சட்டத்தில் ஆளை ஏற்றவும் இயலாது. ஆகவே, ஒன்று மட்டும் போதுமென்ற நிலையில் இருவகைப் பாதைக்கும் வளைந்துகொடுப்பதை வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்று மகனிடம் சொன்னோம். வீட்டில் கார் இருந்து, ஞாயிறுதோறும் நெடுஞ்சாலையில் உடற்பயிற்சிக்காக ஓட்டுவோர் நம்மைக் கேட்டிருந்தால் மறுமொழி வேறாயிருக்கும்.

அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அங்கி உள்ளவரைப் பற்றித் திருமுழுக்கு யோவான் கூறியதை எடுத்துரைக்க நா எழுந்தது. நம் பங்கு இல்லத்தில் பூட்டிக் கிடக்கும் மூன்று அலமாரிகள் நினைவுக்கு வரவே அடக்கிக்கொண்டோம். அதற்குப் பதிலாக இத்தாலியிலுள்ள கிசாலோ மாதா கோயிலைப் பற்றிச் சொன்னோம். 1949-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையைச் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். பார்த்தாலி, கோப்பி முதலிய மாபெரும் வீரர்களின் ரேஸ் சைக்கிள்கள் அச்சிறு கோயிலின் சுவர்களில் தொங்குகின்றன. “அவங்க எல்லாம் ஓட்டின சைக்கிளா ஃபாதர்?” என்று கேட்டார். ஆம் என்றோம். வேறொன்றும் பேசாமல் எழுந்து போனார்.

விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தாராம், கொடுக்கவில்லை. மறுவாரம், கம்பத்திலுள்ள உணவகமொன்றில் வேலை செய்துவிட்டுக் கடைசிப் பேருந்தைத் தவறவிடும் இரவுகளில் நடந்தே ஊர் திரும்பும் இளைஞர் ஒருவரிடம், அந்த வால்வுக்குப் பொருந்தும் பம்ப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அந்த இளைஞருக்கு வழியெல்லாம் தார்ச்சாலைதான். பின்சக்கரத்துக்குப் புதிய டியூபும் பிரேக்குக்குப் புதிய கட்டையும் தம் செலவிலேயே போட்டுக்கொடுத்தார் என்பதைப் பிற்பாடு அம்மாள் சொல்லித்தான் அறிந்தோம்.

இப்போது விடியற்காலையில் மகன் தகப்பனாரைக் கேரியரில் ஏற்றித் தோட்டத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்தே கல்லூரிக்குப் போகிறார். தகப்பனார் திரும்புகையில் மற்ற வேலையாட்களுடன் வண்டியில் வந்துவிடுகிறார். ஆறு மணித் திருப்பலிக்கு மணி அடிக்கும் நேரத்தில் இருவரும் கோயிலைக் கடந்து போவதைக் காண்கிறோம். சென்ற வாரம் மிதித்துக்கொண்டிருந்தவர் தகப்பனார். மகன் கேரியரில் அமர்ந்து குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தேர்வுக் காலம் போலும்.