பட்டத்துக்குள் ஒரு பெண்ணின் பெயர்

துவைக்கிற கல்லின் ஓரத்தில் பாதி கரைந்து கிடக்கும் மஞ்சள் சன்லைட் சோப்பு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ஒரு மளிகைக்காரக் குடும்பத்துக்குப் பிரபுப் பட்டம் வாங்கிக் கொடுத்தது அந்தச் சோப்புதான்.

அந்தக் குடும்பத்து வில்லியம் ஹெஸ்கெத் லீவர் போல்டன் ஊர்க்காரர். அந்நாளில் சோப்பு நீளமான பாளமாகக் கடைக்கு வரும். கேட்ட அளவுக்கு வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். லீவர் அதைக் கைக்கடக்கமான கட்டியாக்கினார். சன்லைட் என்று பெயர் பொறித்து, தாள் சுற்றி விற்றார். வியாபாரம் பெருகியது. 1888 மார்ச்சில் மெர்சி ஆற்றங்கரையில் புது ஆலைக்கு, நம்மூர்ப் பூமி பூஜையைப் போல, முதல் மண்ணை வெட்டியவர் அவர் மனைவி எலிசபெத். பிறந்த வீட்டுப் பெயர் ஹ்யூம். ஆலையைச் சுற்றி எழுந்த தொழிலாளர் குடியிருப்புதான் போர்ட் சன்லைட்.

1911-ல் லீவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. 1913-ல் எலிசபெத் காலமானார். 1917-ல் அரசு லீவரைப் பாரன் என்ற நிலையில் பிரபுவாக்கியபோது, தன் பெயரோடு மனைவியின் பெயரையும் சேர்த்து 'லீவர்ஹ்யூம்' என்று பட்டம் சூடிக்கொண்டார். மனைவி இல்லாத வீட்டில் அவர் எடுத்த இந்த முடிவு என்னை நெகிழ வைக்கிறது.

அதற்காக அவரை உத்தமராக்கிவிட முடியாது. காங்கோவில் அவர் கம்பெனியின் பாமாயில் தொழில் கட்டாய உழைப்பில் நடந்தது. போர்ட் சன்லைட்டின் பூந்தோட்டங்களைப் புகழ்கிறவர்கள் இதையும் சொல்லியாக வேண்டும்.

1918-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவை விலைக்கு வாங்கி, மீன்பிடித் தொழிலைப் பெருக்கத் திட்டமிட்டார். போரிலிருந்து திரும்பிய தீவுக்காரர்கள் கேட்டதோ பயிரிட நிலம். அவர்கள் பண்ணைகளுக்குள் புகுந்து இடம் பிடித்தார்கள். இவர் இறங்கி வரவில்லை. 1922-ல் 'மேற்குத் தீவுகளின் வைகவுண்ட்' ஆனார். மறுவருடமே ஸ்டோர்னவே பகுதியை மக்களுக்கே கொடுத்துவிட்டு லூயிஸை விட்டு விலகினார்.

1925-ல் அவர் இறந்ததும் பட்டம் மகனுக்குப் போனது. 1949-ல் பேரன் பிலிப்புக்கு. பிலிப்புக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. ஆண் வாரிசுக்கு மட்டுமே உரிய பட்டங்கள் அவை. 2000 ஜூலை 4-ல் பிலிப் கண்மூடியபோது, பாரனெட், பாரன், வைகவுண்ட் மூன்றும் அன்றோடு முடிந்தன. ஒரு பெண்ணின் பெயரைச் சுமந்த பட்டம், மூன்று பெண்கள் இருந்தும் வாரிசில்லை என்று அற்றுப்போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுவருடம் குடும்பத்தின் தார்ன்டன் மேனர் மாளிகையின் பொருள்கள் ஏலம் போயின. எலிசபெத்தின் நினைவாக 1922-ல் போர்ட் சன்லைட்டில் திறந்த லேடி லீவர் கலைக்கூடம் மட்டும் அதே பெயரோடு இருக்கிறது.